மூன்றாவது பிளக்

ஐயா,

நீ எடுத்து வைக்கச் சொன்ன சாமான்களையெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அவற்றை வாங்கிக்கொண்டு போக ஸ்டெல்லாவும் சனிக்கிழமை வந்தாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நீ சொன்னபடி நடக்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவது இங்கே எனக்குக் கேட்கிறது. கடிதமென்றால் நடுவில் சரிம்மா போட முடியாது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே தேய்ந்த தொண்டை இது, குறுக்கே பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும். உன் பெண்டாட்டி உன்னை விட்டுப் போவது முடிவாகிவிட்டது என்று நினைத்துத்தான் அந்த மெசேஜை அனுப்பினாய், "சண்டை சச்சரவு இல்லாம முடிச்சுக்கிடலாம்மா" என்று. முடிவாகவில்லை. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி.

அவள் காலையிலேயே பெரியதாழையிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டாள். கேட்டைத் திறந்தவள் உள்ளே வராமல் அங்கேயே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊர் வழக்கப்படி என்னை "மாமி" என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு எப்படியும் கூப்பிடவில்லை. "சாமான் எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று மொட்டையாகச் சொன்னாள். உங்கள் கல்யாணத்தின்போது வேறு சாதி, வேறு மதம் என்று நானும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள்தான். ஆனால் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன பிறகு, நீ சென்னைக்குத் திரும்பிப் போய்விட, அவள் என்னோடுதானே இருந்தாள். தன் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புகிற வரைக்கும் நானும் அவளும்தானே ஒரே பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். இரண்டு சூட்கேஸ், ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம், அப்புறம் அந்தத் தையல் மிஷின். இதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எப்படிப் போவாள். "நான் கார்ல கொண்டு விடுதேன்" என்றேன். அவள் வேண்டாம் என்றாள். "ஏளா, நான் ஓட்டுனா பயமா இருக்கோ" என்று கேட்டதும் லேசாகச் சிரித்தாள்.

கார் கிளம்பவில்லை. அவள் போனதிலிருந்து நானும் வண்டியை எடுக்கவே இல்லை. எங்கே போக, யாரைக் கூட்டிக்கொண்டு போக. உன் அப்பா போன வாரம்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்து வைத்திருந்தார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவன் குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருக்கிறான். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொன்னாள். "பெட்ரோல் நாத்தம் அடிக்கி. பிளக்கு நனஞ்சிருக்கும், பொறி வராது. கழட்டிப் பாப்போம்" என்றாள். அவள் அப்பா மீன்பிடிக்கப் போகிற வள்ளத்தில் இருக்கிற மோட்டாருக்கும் அதே பிளக்தானாம், வாரத்துக்கு ஒருமுறை உப்புத்தண்ணி பட்டுப் பிடித்துக்கொள்ளுமாம், படிக்கிற காலத்தில் அதைக் கழற்றித் துடைப்பது இவள் வேலையாம். காலேஜில் நர்ஸிங் சொல்லிக் கொடுக்கிற உன் பெண்டாட்டிக்கு இந்த வேலையும் தெரியும் என்று உனக்குத் தெரியுமா. எனக்குத் தெரியாது.

உன் அப்பாவின் இரும்புக்கடைப் பெட்டியிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவள் சுடிதார் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதலில் வயர்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். பிறகு நீ பள்ளிக்கூடம் போன காலத்துச் சைக்கிள் பம்பைக் கொண்டுவரச் சொல்லி, பிளக் உட்கார்ந்திருக்கிற குழியில் இருந்த மண்ணையெல்லாம் ஊதினாள். அந்த மண் உள்ளே விழுந்தால் இன்ஜினே போய்விடுமாம். நம் காருக்கு மூன்று பிளக். முதலாவது முனகிக்கொண்டு கழன்றது. இரண்டாவதும் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுக் கழன்றது. மூன்றாவது அசையவே இல்லை. அவள் தன் பாரம் முழுவதையும் கொடுத்துப் பார்த்தாள், நானும் கையைச் சேர்த்துப் பார்த்தேன், கார்தான் ஆடியது.

யார் இறுக்கியது என்று நான் சொல்லவும் வேண்டுமா. இந்த ஊரில் உப்புக்காற்று தின்னாத சாமான் கிடையாது. ஜன்னல் கம்பி, கேட் கீல், ஃபேன் இறக்கை எல்லாவற்றையும் தின்கிறது. அதற்காக உன் அப்பா எதை மூடினாலும் காற்று உள்ளே நுழையக் கூடாது என்று உசிரைக் கொடுத்து இறுக்குவார். அவர் மூடிய ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க முடியாமல் நாம் வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டு எழுந்தது உனக்கு மறந்திருக்காது. போன தடவை மெக்கானிக் பிளக் மாட்டிவிட்டுப் போனதும், இவருக்கு மனசு கேட்காமல், ஸ்பேனர் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி மூன்றையும் மறுபடி முறுக்கினார். "எதுக்கு இப்படி முறுக்குதிய" என்று கேட்டதற்கு "உப்புக்காத்துலா" என்றார். நம் வீட்டில் எதற்கும் அதுதான் பதில். டிவி தெரியவில்லை என்றாலும் உப்புக்காற்று, கல்யாண மோதிரம் கழலவில்லை என்றாலும் உப்புக்காற்று.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதே குழாயைத் தேடி எடுத்து வந்து ஸ்பேனரில் மாட்டி, "தள்ளிக்கோ, ஏறி மிதிச்சிருதேன்" என்று புடவையைச் சொருகிக்கொண்டு போனேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, வேண்டாம்" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது; தன்னை மறந்து வந்திருக்கும். "பிளக்கு இரும்பு, அது உக்காந்திருக்க இடம் அலுமினியம். பலமா திருக்குனா மரை போயிரும். மரை போச்சுன்னா புது பிளக்கே வாங்குனாலும் நிக்காது" என்று சொல்லிக் குழாயை உருவி எடுத்தாள். "மரை கழண்டவ நான்தான்ளா, உன் மாமாவக் கட்டிக்கிட்டேன்லா" என்றேன். இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தாள். சிரித்ததும் ஏதோ தப்புச் செய்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அந்தக் குழியில் துரு இளக்குகிற எண்ணெயை விட்டாள். ஸ்பேனரைச் செருகி அதன் தலையில் சுத்தியலால் மெதுவாக நாலு தட்டு தட்டினாள். "இனி என்ன செய்ய" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யக் கூடாது. எந்திரிச்சுப் போயிரணும். பக்கத்துலயே நின்னா கை சும்மா இருக்காது" என்றாள். எனக்கு அது பிடிபடவே நேரமாயிற்று. நம் வீட்டில் ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் எல்லோரும் சேர்ந்து அதன்மேல் ஏறி நிற்போமே தவிர, யாரும் எழுந்து போக மாட்டோம். நீயும் அப்படித்தான். நீ பத்தாவது படிக்கையில் ஒரு புயல் மழையில் கடைக்கூரை பிய்ந்துகொண்டு போனது. உன் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார், நீ ஒரு வார்த்தை பேசாமல் தார்ப்பாயைத் தேடிப்பிடித்து, ஆள் கூட்டி வந்து, சரக்கையெல்லாம் மேலே ஏற்றினாய். தெருவே உன்னை மெச்சியது, நானும் மெச்சினேன். பிள்ளை போன பிறகும் நீ அதையேதான் செய்தாய். வேறு டாக்டர், வேறு டெஸ்ட், என்ன சாப்பிடணும், எப்போது நடக்கணும் என்று தினமும் போனில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அவள் அழ ஆரம்பித்தால் "நடந்தது நடந்துட்டு, இனிமே ஆகவேண்டியதப் பாப்போம்" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கும். கெட்ட எண்ணத்தில் நீ சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்.

மத்தியானம் சாளைக்குழம்பு. உன் அப்பா கடையிலிருந்து வரும்போது, நான் போனில் சொன்னபடி புது பிளக் மூன்றும் வாங்கி வந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் நேரே காரிடம் போய்க் குனிந்து, "எவன் இத இப்படி முறுக்குனான்" என்று கேட்டார். "நீங்கதான் மாமா" என்றாள் அவள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் பாத்தேன், நல்லா முறுக்கியிருக்கானேன்னு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். பெரியதாழையில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் அம்மா என்னிடம் போனில் சொல்லியிருந்தார்கள், அதனால் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லப்போவதை நீ உட்கார்ந்து படி. சாப்பிட்டுவிட்டு வந்து அவள் பேட்டரி வயரைக் கழற்றி, முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, மறுபடி மாட்டினாள். கரண்ட் வருகிறதா என்று பார்க்க உள்ளே கைவிட்டு ஹாரனை அடித்தாள். கணீரென்று கேட்டது. அவள் கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். மறுபடி ஒருமுறை அடித்துப் பார்த்தாள். "மாமி, இந்த ஹாரன யாரு சரி பண்ணுனா" என்று கேட்டாள். நான் காதில் விழாததுபோல் துணியை மடித்தேன். அவள் விடவில்லை. "ஆஸ்பத்திரியில நான் கிடந்த அன்னைக்கு, வீட்டுக்குப் போயி தலகாணி எடுத்துட்டு வாரேன்னு போனவரு ரொம்ப நேரங்கழிச்சு வந்தாரு. ஏன்னு கேட்டேன். ஹாரன் மாட்டிக்கிச்சு, உப்புக்காத்துல ஷார்ட் ஆயிட்டு, அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்னாரு. அப்பம் யாரு சரி பண்ணுனா" என்றாள்.

நீ என்னிடம் வாங்கிய வாக்கு ஞாபகத்துக்கு வந்தது. வந்து என்ன பண்ண. "அது கெடவே இல்லளா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நம் கேட்டுக்குள் நின்ற காரிலிருந்து ஹாரன் விடாமல் அடித்ததையும், யாருலே அது என்று திட்டிக்கொண்டே கரண்டியோடு நான் வெளியே வந்ததையும், நீ கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்ததையும் சொன்னேன். உன் தலைதான் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தது, அது உனக்குக் காதிலேயே விழவில்லை. நான் கண்ணாடியைத் தட்டியதும் நீ நிமிர்ந்தாய், சத்தம் நின்றது. உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை ஐயா. கண்ணாடியை இறக்கி "ஹாரன் மாட்டிக்கிச்சும்மா" என்று என்னிடமே சொன்னாய். பிறகு, "அவகிட்ட சொல்லிராத, நான் அழுதேன்னு தெரிஞ்சா அவ உடஞ்சிருவா" என்றாய். வெளிக்குழாயில் முகம் கழுவி, தலைசீவி, சட்டையை மாற்றிக்கொண்டு தலையணையோடு போனாய். இதில் ஒன்றையும் நான் விடவில்லை. சொன்னதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "பிள்ள போன அன்னைக்கு, குளிச்சு, தலசீவி, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம வந்து ஹாரனப் பத்திப் பேசுன மனுசன்னுதான் மாமி நான் நெனச்சிக்கிட்டிருக்கேன். இத்தன நாளும் அதத்தான் நெனச்சிக்கிட்டிருக்கேன். அந்தப் பிள்ளைக்காக அழுதது நான் ஒருத்திதான்னு இருந்தேன்" என்றாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்றாவது பிளக்கிடம் போனாள்.

கழற்றுகிற பக்கம் திருப்பாமல், இன்னும் இறுக்குகிற பக்கமாக ஒரு துளி திருப்பினாள். நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம். உடனே இந்தப் பக்கம் கொஞ்சம். மறுபடி அந்தப் பக்கம். சத்தம் கனத்தால் நிறுத்தி எண்ணெய் விட்டாள், துணியால் துடைத்தாள், மறுபடி தொடங்கினாள். கொஞ்சம் வருவதும் பாதி திரும்பிப் போவதுமாக வந்தது. அவள் அழுதுகொண்டேதான் அதைச் செய்தாள். கை முழுவதும் கறுப்பு எண்ணெய், அதனால் கண்ணைத் துடைக்க முடியவில்லை, அது பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டாள். நான் துடைத்துவிடலாமா என்று முந்தானையை எடுத்தேன். பிறகு அவள் அழட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அப்பா வாசல்படி வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனார். கடைசியில் பிளக் விரலாலேயே சுற்றிக் கையில் வந்தது. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. புதுசை மாட்டும்போது முதலில் விரலாலேயே கடைசி வரை சுற்றினாள், ஸ்பேனரால் கொஞ்சம்தான் திருப்பினாள். "இவ்வளவுதானா" என்று கேட்டேன். "இவ்வளவுதான் மாமி. இது போதும்" என்றாள்.

வண்டி கிளம்பிவிட்டது. சாமான்களை ஏற்றினோம். நான் ரிவர்ஸ் எடுக்கையில் ஒரு செம்பருத்தித் தொட்டி உடைந்தது, அதை உன் அப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். ஆறுமுகநேரி உப்பளம் தாண்டி, திருச்செந்தூர் கூட்டத்தில் ஊர்ந்து, பெரியதாழை போகிற வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, டிக்கியைத் திறந்து தையல் மிஷினில் கையை வைத்தேன். அவள் வந்து என் கையை எடுத்துவிட்டு டிக்கியை மூடினாள். "இதெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும் மாமி. வேணாம்னா அவரே வந்து இறக்கி வச்சிட்டுப் போகட்டும். ஆனா எனக்குத் தைரியம் சொல்ல வரவேண்டாம், டாக்டரப் பத்திப் பேசவும் வரவேண்டாம். அன்னைக்குக் காருக்குள்ள இருந்தாருல்லா, அந்த மனுசன் வரட்டும். அவர நான் பாத்ததே இல்ல" என்றாள். அவள் அம்மா காபி குடிக்கக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு, சாமான்களோடு அப்படியே திரும்பி வந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் நான் செய்ய ஒன்றுமில்லை, செய்யவும் கூடாது என்று அவளிடமே படித்துக்கொண்டேன். நீ உறுதியானவன் என்று அவளுக்குக் காட்டுவதற்காக அத்தனையையும் உள்ளே வைத்து முறுக்கினாய். அவளைக் காப்பாற்றத்தான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் அதில் அவள் தனியாகிப் போனாள். நீ அழுதது தெரிந்து அவள் உடைந்துபோகவில்லை, அதையும் நான் கண்ணால் பார்த்தேன். நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் உன் அம்மாதான், அவளுக்கு மாமிதான். பிரிவது என்றாலும் நேரில் வந்து, முகத்தைப் பார்த்துப் பிரியுங்கள். மெசேஜில் வேண்டாம். எனக்கு என்ன ஆசை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: அவள் திரும்பி வரவேண்டும் என்று எனக்கு உசிராக இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை ரயிலில் கிளம்பி வா. என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொண்டு வராதே, யோசித்தால் நீ மறுபடி தலைசீவிக்கொண்டுதான் நிற்பாய். ஸ்டேஷனுக்கு நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், அங்கிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போய்விடலாம். வழியில் உனக்கு அழுகை வந்தால் வரட்டும், நான் ரோட்டைத்தான் பார்ப்பேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் ஐயா. பெரியதாழை போய், அவள் கதவைத் திறந்து உன்னைப் பார்க்கிற வரைக்கும், முகத்தைத் துடைத்துவிடாதே.

அம்மா